குழியில் இறங்கிப் பார்த்த பிறகே சாவி

எல் ஆல்ட்டோ மலைமேட்டு நகர், வில்யா அதேலா ஓட்டுநர் கூட்டுறவுப் பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வண்டி பார்த்து, இன்று பணி நிறைவு பெறும் தலைமை மெக்கானிக் தோன் செவெரோ லிமாச்சி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

பெருமதிப்பிற்குரிய மேஸ்திரி அவர்களே,

பிரேக்கின் முனகலைப் பிறர் கேட்குமுன் கேட்டவரே, டயரின் தேய்வைத் தடவியே சொன்னவரே, பணிந்து வந்தவரிடமும் பாய்ந்து வந்தவரிடமும் ஒரே பதிலைச் சொன்னவரே, கோக்கா தேநீரைக் கையில் வாங்கி, ஆறவிட்டு, யாருடைய பானெட்டின் மேலாவது மறந்து வைத்துவிட்டு, "என் டீ எங்க?" என்று எங்களையே அதட்டியவரே, வணக்கம்.

மடல் வாசிக்கும்போது மடலுக்கு உரியவர் குறுக்கே பேசக் கூடாது என்பது நம் பணிமனையின் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான், நேரில் சொல்லத் துணியாத ஒன்றை இந்தத் தாளில் எழுதியிருக்கிறோம். கடைசிவரை ஒளித்து வைப்பது உங்களுக்குப் பிடிக்காது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாளைக் காலை நீங்களும் உங்கள் துணைவியார் தோன்யா பசீலியாவும் உங்கள் வெள்ளை ஸ்டேஷன் வேகனில் மலைக் கணவாயைத் தாண்டி, கீழே கராநாவியில் மகள் வீட்டுக்குக் குடிபோகக் கிளம்புகிறீர்கள். நேற்று அந்த வண்டியைப் பழுது பார்க்கும் குழிமேல் ஏற்றினோம். வலது முன் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது. வண்டி தேறவில்லை. சாவி எங்களிடம் இருக்கிறது; இப்போதைக்குத் தரமாட்டோம்.

மடலை வாசிக்கிற ரூபெனிடம், உங்கள் நெற்றி சுருங்குவதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். பார்த்தால் வாசிப்பை நிறுத்திவிடுவான். தயவுசெய்து உட்காருங்கள். மடல் இன்னும் தொடங்கவே இல்லை.

குழிக்குப் படி கட்டியவரே,

நீங்கள் இங்கே வந்த நாளில் இந்தக் குழிக்கு இருந்தது ஓர் இரும்பு ஏணி. மெக்கானிக் மட்டும் இறங்குவார். சொந்தக்காரர் மேலே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் வண்டியின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் இருபது வருடம் ஓட்டியவர்கள் இந்த ஊரில் உண்டு. "சொந்தக்காரர் குழியில இறங்காம எந்த வண்டியும் வெளிய போகாது" என்று நீங்கள் வந்த முதல் மாதமே சொன்னீர்கள். இரண்டாம் மாதம் உருளைக்கிழங்கு வியாபாரி தோன்யா தோமாசா தன் சின்ன லாரியோடு வந்தார். அடுக்குப் பாவாடை, அதன்மேல் மேலாடை, அதற்கும் மேல் முதுகில் மூட்டை. ஏணியைப் பார்த்தார்; உங்களைப் பார்த்தார்.

"இந்த ஏணியில நான் இறங்குனா மேல நிக்கிறவனுக்கெல்லாம் இன்னைக்குத் திருவிழாதான். நீயே பாத்துச் சொல்லு மேஸ்திரி."

"வண்டி உன்னுது. பாக்க வேண்டியவ நீ. ஒரு வாரம் கழிச்சு வா."

அந்த ஒரு வாரத்தில் குழியின் ஒரு பக்கத்தை இடித்து, செங்கல் வைத்து, பதினோரு படி கட்டினீர்கள். ஒரு பாவாடை முழுதாக விரிந்து இறங்கும் அகலம். சுவரில் எண்ணெய் ஒட்டாமலிருக்க ஓரத்தில் தகரம். முதலில் இறங்கியவர் தோன்யா தோமாசா. விளக்கைத் தூக்கிப் பிடித்து நீங்கள் காட்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்தச் சொட்டு விழறதுக்கா நான் ரெண்டு வருஷமா ஆயில் ஊத்திக்கிட்டு இருக்கேன்?" என்றார். பிறகு நீங்கள் கேட்காமலேயே விரலை நீட்டி அந்தச் சொட்டைத் தொட்டு முகர்ந்தார். அன்று நீங்கள் சிரித்ததைப் பார்த்தவர்கள் இன்று இந்தப் பந்தலில் இரண்டு பேர் மட்டுமே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் படியில் இறங்காதவர் இந்தப் பந்தலில் அநேகமாக ஒருவரும் இல்லை.

பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே,

"வண்டியைப் பழுது பார்ப்பது எங்கள் வேலை, பழுது வராமல் பார்ப்பது உங்கள் வேலை" என்று நீங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, சனிக்கிழமைக் காலைகளை ஒரு வகுப்பாகவே மாற்றிவிட்டீர்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் பாருங்கள். டயர் சூடாகுமுன் காற்றுப் பாருங்கள். ஸ்டெப்னியிலும் காற்றுப் பாருங்கள், அது தேவைப்படும் நாளில்தான் அதில் காற்றில்லை என்று தெரியும். நம் ஊர் உறையும் ஜூன் மாதக் குளிரில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றியவர்கள், விடிந்ததும் உறைந்து வெடித்த எஞ்சினைக் கயிறு கட்டி இழுத்துவந்து உங்கள் முன் நின்றிருக்கிறார்கள். நீங்கள் திட்டியதில்லை. கூலன்ட் டப்பாவைக் காட்டி, "இதுக்குப் பேரு என்ன? சத்தமாச் சொல்லு" என்று மட்டும் கேட்பீர்கள். ஐம்பது வயது ஓட்டுநர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் சத்தமாகச் சொல்வார்.

பள்ளி ஆசிரியை எவுலாலியா, ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, "நிறைய இருக்கே" என்று சந்தோஷமாகத் திரும்பச் செருகியபோது நீங்கள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"தொடச்சிட்டு ரெண்டாந்தரம் விட்டுப் பாருங்க டீச்சர். மொதத் தரம் அது பொய் சொல்லும்."

"என் வகுப்புப் பசங்க மாதிரியா?"

"பசங்க ரெண்டாந்தரமும் சொல்லுவாங்க."

உங்கள் வாய்ச்சொற்கள் இத்தனை துல்லியமாக எப்படிக் கிடைத்தன என்று கேட்க வேண்டாம். பதிவேட்டு மேசையின் அடியில் நான்கைந்து நோட்டுகள் இருக்கின்றன. எழுதியவள் தன் பெயர் வேண்டாம் என்கிறாள்.

எல்லா நினைவும் இனிப்பாக இருக்கும் என்று பொய் எழுதமாட்டோம். எலெக்ட்ரீஷியனாக நியேவெஸ் சேர்ந்த முதல் நாள், "பேட்டரி தூக்குவியாம்மா நீ?" என்று கேட்டீர்கள். அவள் லாரி பேட்டரியைத் தூக்கி உங்கள் காலருகே வைத்து, "எங்க வைக்கணும் மேஸ்திரி?" என்றாள். நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் உங்கள் சொந்த டார்ச் விளக்கை அவள் பெட்டியில் போட்டிருந்தீர்கள். அது போதும் என்று அவள் அப்போதே சொல்லிவிட்டாள். ஆனால் அவளிடம் நீங்கள் வாங்கிய சின்ன ஸ்க்ரூட்ரைவர் ஒன்பது வருடமாக இன்னும் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்யச் சொன்னாள்.

உறவுக்கும் ஒரே அளவு வைத்தவரே,

மூன்றாம் வரிசையில் தொப்பியை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தோன் அன்செல்மோ, உங்கள் மகளுக்கு ஞானத்தகப்பன். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஊர்த் திருவிழாவுக்கு உறவினர் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கத் தயாராக வந்தார். பின்சக்கரப் பிரேக் லைனிங் காகிதமாகத் தேய்ந்திருந்தது. நீங்கள் 'தேறியது' என்ற ஸ்டிக்கரை ஒட்ட மறுத்தீர்கள்.

"ஞானத்தகப்பன் வண்டிக்கே இப்படியாடா?"

"ஞானத்தகப்பன் உயிரோட வேணும்னுதாண்டா."

"எல்லாரும் வண்டியில உக்காந்தாச்சு. ஊர்ல மேளம் காத்துக்கிட்டு இருக்கு."

"எறங்கச் சொல்லு. பஸ்ஸு பதினோரு மணிக்கு."

பன்னிரண்டு பேரும் திருவிழா உடுப்போடு பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். பெரிய பித்தளை ஊதுகுழலை ஒருவர் தோளில் சுமந்து போனார். தோன் அன்செல்மோ ஆறு மாதம் உங்களோடு பேசவில்லை. ஏழாம் மாதம் தன் இரண்டு மகன்களின் வண்டிகளையும் கொண்டுவந்து குழிமேல் நிறுத்திவிட்டு, "பாரு" என்று ஒரு சொல் சொன்னார். நீங்களும் "எறங்கு" என்று ஒரு சொல் சொன்னீர்கள். இருவரும் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இன்று நாங்கள் எடுத்ததற்கு இருவரும் பொறுத்தருள வேண்டும்.

புதன்கிழமைகளின் காவலரே,

தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் செவ்வாயன்று இந்த ஊரில் மாலை போடாத வண்டி கிடையாது. மண்ணன்னை பச்சமாமாவுக்கு முதல் துளி, வண்டிக்கு மறுதுளி என்று பியரும் சாராயமும் தெளித்து, பூ கட்டி, வண்ணக் காகித நாடா சுற்றி, பட்டாசு வைத்து, மாலையில் குடும்பத்தோடு ஒரு வட்டம் ஓட்டிவருவோம். மேட்டுக் காற்று மாலையைப் பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க, கட்டுக்கம்பியால் அதை இறுக்கி, கம்பி நுனியைக் கையில் அகப்பட்டதோடு முறுக்கிவிடுவதுதான் எங்கள் எல்லோர் வீட்டுப் பழக்கமும். கம்பி எதோடு முறுக்கப்பட்டது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மறுநாள் புதன்கிழமை, வரிசை தெருமுனைவரை நிற்கும். ரேடியேட்டர் வாயில் பூ, ஃபேன் பெல்ட்டில் நாடா, சைலன்சரில் உருகிய காகிதம், ஸ்டியரிங் கம்பியில் மாலைக் கம்பி.

நீங்கள் பணிமனை வாசலில் கட்டிங் பிளேயரோடு நிற்பீர்கள்.

"அறுத்தா பச்சமாமா கோவிச்சுக்குவா மேஸ்திரி."

"அவ கோவிச்சா நான் பேசிக்கறேன். பிரேக்கு கோவிச்சா யாரு பேசறது?"

அறுத்ததை நீங்கள் குப்பையில் போட்டதில்லை. கம்பியைத் தனியாக எடுத்துவிட்டு, பூவையும் நாடாவையும் ஒரு சாக்கில் சேர்த்து, பின்கட்டு மண்ணில் புதைத்து, மேலே ஒரு மூடி சாராயம் ஊற்றுவீர்கள். அதனால்தான் யாரும் சண்டை போடாமல் வண்டியை நீட்டினார்கள். அப்படி எத்தனை வண்டிகளின் கம்பியை அறுத்தீர்களோ, எங்கள் நோட்டுகளில்கூடக் கணக்கில்லை.

ஆனால், மேஸ்திரி, ஒரே ஒரு வண்டியின் கம்பியை மட்டும் நீங்கள் அறுத்ததில்லை.

உங்கள் வண்டிக்கு மாலை கட்டுபவர் தோன்யா பசீலியா. அவர் முடிச்சு எப்படிப்பட்டது என்பது, பணிமனை வாசலில் அவர் விற்கும் அபி என்ற சூடான சோளக்கஞ்சி வாளியின் மூடியை அவிழ்க்க முயன்ற எல்லோருக்கும் தெரியும். தான் கட்டியது தானாக விழும்வரை இருக்க வேண்டும், அதுவரை வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர் நம்பிக்கை. போன வருடம் பிரேக் வேலை பார்க்கிற வால்தெர் அதைத் தொடப் போனான்.

"என் முடிச்சுமேல கை வச்ச, நாளையிலேருந்து உன் அபியில உப்புதான்."

வால்தெர் உங்களைப் பார்த்தான். நீங்கள் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "விடுப்பா. அது வீட்டு விஷயம்."

முப்பத்திரண்டு ஆண்டுகளில் எந்தச் சொந்தக்காரருக்கும் நீங்கள் கொடுக்காத விலக்கு அது. அதை நாங்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் விட்டுவிட்டோம். உங்கள் முழங்கால் வலி வந்ததிலிருந்து நீங்கள் குழியில் இறங்கவில்லை. மேலே நாற்காலி போட்டு அமர்ந்து, எங்களை இறக்கி, விளக்கைத் திருப்பச் சொல்லிப் பார்த்தீர்கள். எல்லா வண்டியும் அப்படியே சரியாகப் போனது. உங்கள் வண்டியை மட்டும் வேறு யாரும் தொட நீங்கள் விட்டதில்லை, நீங்களும் இறங்கவில்லை. பதிவேட்டில் உங்கள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். அடிப்பக்கம் கடைசியாகப் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகிறது.

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம். விழாவுக்கு வண்டியில் சின்ன விளக்குகள் மாட்ட நியேவெஸ் குனிந்தாள். வலது முன் டயரின் உட்புறம் ஈரமாக இருந்தது. தொட்டு முகர்ந்தாள். கூப்பிட்டாள். குழிமேல் ஏற்றினோம். மூன்று வருடத்து மாலைக் கம்பி ஒன்றன்மேல் ஒன்றாகச் சக்கரத்துக்கு உள்ளே முறுக்கியிருந்தது. ஸ்டியரிங்கை முழுவதும் வலப்பக்கம் திருப்பும்போது அதன் நுனி, பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸைத் தேய்த்திருக்கிறது. மேல் ரப்பர் போய், உள்ளே இருக்கும் நூல் பின்னல் வெளியே தெரிகிறது. ஊருக்குள் ஓட்டும்போது மிதித்தால் நிற்கும். கணவாய் உச்சியிலிருந்து நாலாயிரம் மீட்டர் இறக்கத்தில், வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே போகும்போது எத்தனையாவது வளைவுவரை தாங்கியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ரூபென்தான் முதலில் வாய் திறந்தான். "மாத்திட்டு வாய மூடிக்கலாம். நாளைக்குப் பொறப்படற மனுசன். விழாவுல போயி இதச் சொல்லணுமா?"

"சொந்தக்காரர் பாக்காம நான் ஹோஸ் மாத்தமாட்டேன்" என்றான் வால்தெர். "அவரு சொல்லிக் குடுத்தது அது இல்ல."

"சரி, அவருக்குச் சொல்லிக்கலாம். தோன்யா பசீலியாகிட்ட யாரு சொல்றது?" என்று நியேவெஸ் கேட்டாள்.

"நீ சொல்லு" என்றான் ரூபென்.

"எனக்குப் புள்ளைங்க இருக்கு."

எனவே இந்த மடல். இதில் எழுதினால் எல்லோரும் சேர்ந்து சொன்னதாகும். யாருடைய அபியிலும் உப்பு விழாது.

அன்புள்ள தோன்யா பசீலியா அவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் முடிச்சில் குறையில்லை. அது அவிழாமல் இருந்ததே அதற்குச் சாட்சி. உங்கள் கணவர் ஊரில் எல்லோர் கம்பியையும் அறுத்தவர், உங்கள் கம்பியை மட்டும் அறுக்கவில்லை. அது பயத்தால் என்று நாங்கள் இத்தனை நாள் கேலி பேசினோம். நேற்று அந்த மூன்று வருடக் கம்பியைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. அவர் அதைத் துடைத்து வைத்திருக்கிறார், தோன்யா. சக்கரம் முழுக்கச் சேறு. கம்பியின் வெளித் தெரிகிற முடிச்சில் மட்டும் சேறில்லை. நின்ற இடத்திலிருந்து கை எட்டுகிற அளவுக்குத் துடைத்திருக்கிறார். கை எட்டாத இடத்தில்தான் தேய்ந்திருக்கிறது.

மேஸ்திரி, நாங்கள் ஹோஸை மாற்றவில்லை. கம்பியைத் தொடவில்லை. வண்டி நேற்று ஏற்றியபடியே குழிமேல் நிற்கிறது. புது ஹோஸும் புது பிரேக் ஆயிலும் பெட்டியில், கடைசிப் படியில் வைத்திருக்கிறோம். நீங்கள் இறங்க வேண்டும். விரலால் தொட வேண்டும். எல்லாச் சொந்தக்காரர்களையும்போல் பதிவேட்டில் உங்கள் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு வால்தெர் மாற்றுவான், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லலாம். நாளைக் காலை கிளம்புவது மதியமாகலாம். மகளிடம் தொலைபேசியில் சொல்லியாயிற்று. அவர் சொன்னது: "அப்பாவையா தேறலன்னு சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

முழங்காலை நாங்கள் மறக்கவில்லை. நினைவுப் பரிசு என்று கடிகாரமும் கேடயமும் வாங்கப் பேச்சு வந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து, பதினோரு படிக்கும் நீளமாக ஓர் இரும்புக் கைப்பிடி பற்றவைத்தோம். நேற்று மாலை முழுக்க அந்த வேலைதான். அதில் உங்கள் பெயர் இருக்கிறது. சின்ன எழுத்தில், கை பிடிக்கிற இடத்துக்குக் கீழே. இனி இந்தக் குழியில் இறங்குகிற ஒவ்வொரு சொந்தக்காரரும் உங்களைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். பெயின்ட் முழுதாகக் காயவில்லை. கையில் பச்சை ஒட்டினால் பொறுத்தருள்க.

தோன்யா பசீலியா, நீங்கள் முப்பத்திரண்டு வருடம் இந்த வாசலில் அபி விற்றும் ஒருநாள் குழியில் இறங்கியதில்லை. இன்று இறங்குங்கள். வண்டி உங்களுக்கும் சொந்தம். அந்தப் படியில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக இறங்க இடம் இருக்கிறது. அகலப் பாவாடையோடும் இறங்கலாம், அதற்கென்றே கட்டியது. மேஸ்திரியின் கட்டிங் பிளேயரைத் துடைத்துத் தகரத்தின் மேல் வைத்திருக்கிறோம். கம்பியை நீங்கள்தான் அறுக்க வேண்டும். முடிச்சைச் சாக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கராநாவியின் சிவப்பு மண்ணில் புதைத்து, மேலே ஒரு மூடி ஊற்றி, இங்கே இருக்கிறவர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருவரும் நெடுநாள் நலமாக இருக்க வேண்டும். எவ்வளவு நாள் என்று எங்களுக்குச் சொல்லத் தெரிந்த முறையில் சொல்கிறோம்: ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மலையேறி வந்து வண்டியைக் காட்டுங்கள். பதிவேட்டில் உங்கள் பக்கம் நிரம்பட்டும். நிரம்பினால் இன்னொரு தாள் ஒட்டுகிறோம். அதுவும் நிரம்பட்டும்.

இப்போது எழுந்திருக்கலாம், மேஸ்திரி. பேசவும் செய்யலாம். ஆனால் கீழே இறங்கிய பிறகு. விளக்கு எரிகிறது.

தங்கள் அன்பில் என்றும் அகலாத,
வால்தெர், பிரேக் பகுதி
ரூபென், எஞ்சின் பகுதி
நியேவெஸ், மின்பகுதி
மற்றும் பதிவேட்டு மேசை

சாவி நியேவெஸின் சட்டைப் பையில் இருக்கிறது. ஸ்க்ரூட்ரைவரையும் கொண்டுவந்தால் நல்லது என்கிறாள்.